கணக்குக் காட்டாதவனின் மைத்துனன்

உத்திரமேரூரைத் தொடாமல் நம் ஊரில் யாரும் ஜனநாயகம் பேசுவதில்லை. அந்த ஊரில் பானைக்குள் ஓலை போட்டு ஆள் எடுத்த குடவோலை முறை பள்ளிக்கூடப் பாடத்தில் இருக்கிறது, போட்டித் தேர்வு வினாத்தாளில் இருக்கிறது. 2020 டிசம்பரில் புதிய நாடாளுமன்றக் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டிய விழாவில் பிரதமரின் உரையிலும் உத்திரமேரூர் வந்தது. மேடை ஏறுபவர்கள் பெரும்பாலும் பானை, ஓலை, ஓலை எடுக்கும் சிறுவன் என்று மூன்றையும் சொல்லி, கைதட்டல் வாங்கிக்கொண்டு மேடையை விட்டு இறங்கிவிடுகிறார்கள். உத்திரமேரூர்க் கல்வெட்டில் ஒரு மைத்துனனும் இருக்கிறான். அவனைப் பற்றி மேடையில் யாரும் விளக்கமாகப் பேசி நான் கேட்டதில்லை.

நான் உள்ளாட்சி நிதித் தணிக்கையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். பஞ்சாயத்து ஆபீஸில் 'லோக்கல் ஃபண்ட் ஆடிட்' என்று சொன்னால்தான் டீ வரும். ரொக்கப் பதிவேடு, வவுச்சர், எம்-புக் என்கிற அளவுப் புத்தகம், தீர்மானப் புத்தகம் என்று இவற்றிலேயே பழகிய கண் எனக்கு. கோயில் சுவரில் எழுத்தைப் பார்த்தாலும் முதலில் கணக்கைத்தான் தேடும். வரலாற்றுப் பேராசிரியர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில்தான் ஊர்ச் சபை கூடிய இடம் என்கிறார்கள். மண்டபத்தின் கருங்கல்லில் இரண்டு தீர்மானங்கள் வெட்டப்பட்டிருக்கின்றன. முதலாவது, முதல் பராந்தக சோழனின் 12-ஆம் ஆட்சியாண்டில், அதாவது 919-இல் ஆனது. இரண்டாவது 14-ஆம் ஆட்சியாண்டில், 921-இல் ஆனது. முதல் தடவை அரசாணையோடு வந்து உட்கார்ந்த அதிகாரி தத்தனூர் மூவேந்தவேளான். இரண்டாவது தடவை சோமாசிப்பெருமான். இரண்டும் வாரியங்களுக்கு, அதாவது ஊர்ச் சபையின் குழுக்களுக்கு, ஆள் எடுப்பதைப் பற்றியவை. இரண்டே வருஷத்தில் அதே விஷயத்துக்கு இன்னும் நீளமாக, இன்னும் நுணுக்கமாக ஒரு தீர்மானம் எதற்கு? கல்வெட்டு காரணம் சொல்லவில்லை. கெட்டவர்கள் அழியவும் நல்லவர்கள் தழைக்கவும் என்று மட்டும் நோக்கத்தைச் சொல்கிறது. அரசாங்கத்தில் இருந்தவனுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். ஒரு ஜி.ஓ. போட்டு இரண்டு வருஷத்துக்குள் திருத்த ஜி.ஓ. வந்தால், முதலாவதில் எவனோ ஓட்டை கண்டுபிடித்துவிட்டான் என்று பொருள்.

வயதையே பாருங்கள். 919-இல் 30-க்கு மேல் 60-க்குள். 921-இல் அது 35-க்கு மேல் 70-க்குள் என்று ஆயிற்று. இளவட்டத்தை ஐந்து வருஷம் தள்ளிவைத்துப் பெரியவர்களுக்குப் பத்து வருஷம் கூட்டியிருக்கிறார்கள். கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம் இருக்க வேண்டும், சொந்த மனையில் வீடு கட்டிக் குடியிருக்க வேண்டும், வேதம் படித்திருக்க வேண்டும். படிப்பு கூடுதலாக இருந்தால் அரைக்கால் வேலி நிலம் போதும். கடந்த மூன்று வருஷத்தில் எந்த வாரியத்திலும் இருந்திருக்கக் கூடாது. இதுவரை பாடப் புத்தகத்தில் இருப்பதுதான்.

அடுத்து வருவது யார் யாருக்கு ஓலை எழுதக் கூடாது என்ற பட்டியல். அதில் முதலில் நிற்பவன் கொலைகாரனும் இல்லை, திருடனும் இல்லை. அவர்கள் எல்லாம் பின்னால் வருகிறார்கள். முதலில் நிற்பவன், முன்பு ஏதோ ஒரு வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாமல் போனவன். அவனோடு விடவில்லை. அவனுடைய பெரியம்மா மக்கள், சின்னம்மா மக்கள், அத்தை மக்கள், மாமன் மக்கள், தாய்மாமன், தகப்பனோடு பிறந்தவர்கள், உடன்பிறந்தவன், மாமனார், மனைவியோடு பிறந்தவன், சகோதரியைக் கட்டியவன், சகோதரியின் மகன், மகளைக் கட்டிய மருமகன், தகப்பன், மகன் என்று உறவுமுறையைச் சொல்லிச் சொல்லி அத்தனை பேரையும் அடைத்திருக்கிறது கல்வெட்டு. 'நெருங்கிய உறவினர்' என்று ஒரு வார்த்தையில் முடித்திருக்கலாம். முடிக்கவில்லை. அப்படி முடித்தால் என்ன ஆகும் என்று எழுதியவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. நெருங்கிய என்றால் எவ்வளவு நெருக்கம் என்று கேட்டுக்கொண்டு ஒருவன் வந்து நிற்பான். மனைவியின் அண்ணன் வேறு குடும்பம் ஐயா, வேறு உலை என்பான்.

அந்த வேறு உலை வாதத்தை நான் கேட்டிருக்கிறேன். ஒரு ஊராட்சியில் தெருவிளக்குச் சாமான் வாங்கிய கோப்பு. விதிப்படி மூன்று கொட்டேஷன் இருந்தன. மூன்று கம்பெனி, மூன்று லெட்டர்பேடு, மூன்று ரப்பர் ஸ்டாம்ப். மூன்றிலும் ஒரே கையெழுத்து. அதிலும் 'பல்பு' என்பதற்குப் புள்ளி வைக்காமல் 'பலபு' என்று ஒரே பிழை. குறைந்த விலை போட்டவர் யார் என்று விசாரித்தால் தலைவரின் மச்சான். எழுத்தரிடம் கேட்டேன். அவர் சங்கடப்படவே இல்லை. "சார், அவரு தனிக் குடித்தனம். ரேஷன் கார்டே தனி" என்றார். அவர் சொன்னதில் சட்டப்படி தவறு கிடையாது. தணிக்கைத் தடையில் கொட்டேஷன் முறையாகப் பெறப்படவில்லை என்றுதான் எழுத முடிந்தது. மச்சான் என்று எழுத எந்தக் கலமும் இல்லை.

கல்வெட்டுக்காரர்களுக்கு இந்த உறவுக் கணக்கு ஒன்றும் புதிது இல்லை. காட்டுமன்னார்கோயில் பக்கத்தில் உடையார்குடிக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. ராஜராஜன் ஆட்சியின் தொடக்க காலத்தது. சோழ இளவரசன் ஆதித்த கரிகாலனைக் கொன்ற துரோகிகளின் சொத்தைப் பறிப்பது பற்றியது. பொன்னியின் செல்வன் படித்தவர்களுக்கு அவர்களில் ரவிதாசன் பெயர் தெரிந்திருக்கும். அங்கேயும் குற்றவாளிகளோடு நிற்காமல் தம்பிமார், மக்கள், மாமன்மார், பெண் கொடுத்து எடுத்த வழி என்று வலையை விரித்துத்தான் சொத்தைப் பிடிக்கிறார்கள். இளவரசனைக் கொன்றவனுக்கு விரித்த அதே மாதிரி வலையை, ஊர் ஏரிக்குக் கணக்குக் காட்டாதவனுக்கு அறுபது எழுபது வருஷம் முன்பே உத்திரமேரூரில் விரித்திருக்கிறார்கள். இது நியாயமா என்று கேட்டால், இன்றைய நீதிமன்றத்தில் ஒரு நாள்கூட நிற்காது. அண்ணன் செய்ததற்குத் தம்பியைத் தண்டிக்கக் கூடாது என்பது சரியான கொள்கை. ஆனால் தேர்தலில் நிற்கத் தடை போடுவது வேறு, ஊர்ப் பணத்தில் வேலை எடுக்கத் தடை போடுவது வேறு. முன்னது தண்டனை. பின்னது வெறும் ஜாக்கிரதை.

இனி பானைக்கு வருகிறேன். எல்லோரும் சொல்கிற விஷயம்தான் என்றாலும், அதில் செலவுக் கோணம் ஒன்று இருக்கிறது.

ஊருக்கு 30 குடும்பு, இன்றைய வார்டு மாதிரி. குடும்பு வாரியாகத் தகுதியுள்ளவர்கள் பெயரை ஓலையில் எழுதி, எந்தக் குடும்பு என்று காட்டும் வாயோலையோடு கட்டிக் குடத்தில் போடுகிறார்கள். பெரியவர் சிறியவர் என்று சபை முழுக்கக் கூடியிருக்கிறது. அன்று ஊரில் இருக்கும் கோயில் பூசகர்களான நம்பிமார் ஒருவர் விடாமல் உள்ளே இருந்தாக வேண்டும். அவர்களில் மூத்தவர் குடத்தை எல்லோரும் பார்க்கத் தூக்கிப் பிடிக்கிறார். உள்ளே இருப்பது என்னவென்று அறியாத ஒரு பையன் ஒரு கட்டை எடுக்கிறான். அதை வேறு குடத்தில் அவிழ்த்துப் போட்டுக் குலுக்குகிறார்கள். அதிலிருந்து பையன் ஓர் ஓலை எடுத்து மத்தியஸ்தன் கையில் கொடுக்கிறான். மத்தியஸ்தன் அதை ஐந்து விரலையும் அகல விரித்து உள்ளங்கையில்தான் வாங்க வேண்டும் என்று கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். விரலிடுக்கில் வேறொரு ஓலையை ஒளித்து வைத்து மாற்றிவிடக் கூடாதே! அவர் படித்த பிறகு நம்பிமார் அத்தனை பேரும் அந்த ஓலையைப் படிக்க வேண்டும். இதற்கு முன் எவனோ விரலைக் குவித்துக்கொண்டு வாங்கியிருக்க வேண்டும் என்பது என் அனுமானம். நடக்காத திருட்டுக்கு யாரும் இவ்வளவு நுணுக்கமாக விதி எழுத மாட்டார்கள்.

இப்படித் தேறும் முப்பது பேரில் அனுபவமும் வயதும் உள்ள 12 பேர் ஆண்டு வாரியமான ஆட்டை வாரியத்துக்கு, 12 பேர் தோட்ட வாரியத்துக்கு, 6 பேர் ஏரி வாரியத்துக்கு. 360 நாள் பதவி. நடுவில் குற்றம் செய்தவன் என்று தெரிந்தால் அப்போதே நீக்கம். பொன் வாரியத்துக்கும் பஞ்சவார வாரியத்துக்கும் தனியாகக் குடவோலை. இந்த ஏற்பாட்டில் ஒரு வேட்பாளன் எவ்வளவு செலவு செய்வான்? ஒரு காசும் செய்ய மாட்டான். யாருக்குச் செய்வது? ஓலை எடுக்கும் பையனுக்குப் பணியாரம் வாங்கிக் கொடுத்தாலும் அவனுக்கு உள்ளே எது யார் ஓலை என்று தெரியாது. செலவே இல்லாத இடத்தில் கொடையாளி இல்லை. கொடையாளி இல்லாத இடத்தில், ஜெயித்த பிறகு திருப்பித் தர வேண்டிய கடனும் இல்லை. மூன்று வருஷ இடைவெளி விதி இருப்பதால், 'அடுத்த தடவையும் நான்தான் வருவேன், இப்போது கொடுத்து வை' என்று வாங்கவும் வழியில்லை. தேர்தல் நிதி என்கிற பிரச்சினையை அவர்கள் தீர்க்கவில்லை. அது முளைப்பதற்கு இடமே வைக்கவில்லை.

பிறகு கணக்கன். எனக்குப் பிடித்த பகுதி இதுதான். நேர்வழியில் பொருள் ஈட்டியவனைத்தான் கணக்கெழுத வைக்க வேண்டும். தான் எழுதிய கணக்கைச் சபைப் பெருமக்களிடம் காட்டி, சுத்தம் என்று ஆனபிறகுதான் அவன் அடுத்த கணக்கில் கை வைக்கலாம். ஒருவன் எழுதிய கணக்கை அவனே ஒப்படைக்க வேண்டும். வேறு கணக்கன் வந்து அதை முடித்துவைக்கக் கூடாது. இந்தக் கடைசி விதியின் அருமை, பஞ்சாயத்து யூனியன் ஆபீஸில் நாள் முழுக்க உட்கார்ந்தவனுக்குத்தான் தெரியும். எந்தத் தடைக்கும் அங்கே ஒரே பதில்தான்: "அது எனக்கு முன்னாடி இருந்தவர் சார், அவர் மாறுதல்ல போயிட்டார்." அந்தப் பதிலைச் சொல்ல முடியாதபடி ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முன்பே கல்லில் அடைத்து வைத்திருக்கிறார்கள்.

அதே ஊரில் பொன் மாற்றுப் பார்ப்பவர்களைப் பற்றியும் ஒரு கல்வெட்டு உண்டு. மாட வீதியார் நான்கு பேர், சேனையார் இரண்டு பேர், சங்கரப்பாடியார் மூன்று பேர் என்று அவர்களையும் குடவோலையில்தான் எடுத்திருக்கிறார்கள். சங்கரப்பாடி என்பது எண்ணெய் வணிகர் குடியிருப்பு. பொன்னை உரைகல்லில் உரைக்கும்போது கொஞ்சம் துகள் கல்லில் நிற்கும். அதை மெழுகில் ஒற்றி எடுப்பார்கள். அந்த மெழுகு யாருக்கு? உரைத்தவன் மடியில் முடிந்துகொண்டு போகக் கூடாது, ஏரி வாரியத்திடம் ஒப்படைக்க வேண்டும். அவனுக்கு உரியது மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஏழு மஞ்சாடிப் பொன் கூலி. கூலி வேறு, ஒட்டிய துகள் வேறு என்று பிரித்துவிட்டார்கள். துகள் அவனுக்கு என்று விட்டிருந்தால், ஒவ்வொரு உரசலும் கொஞ்சம் அழுத்தமாகத்தான் விழுந்திருக்கும்.

இவ்வளவையும் சொல்லிவிட்டு ஒன்றை மறைத்தால் என் துறைக்கே துரோகம். இது பிராமணர்களுக்குக் கொடுக்கப்பட்ட சதுர்வேதிமங்கலம். வாரியத்தில் உட்கார நிலமும் வேதமும் வேண்டும். உழுதவனுக்குக் குடும்பில் ஓலை இல்லை. பெண்களுக்கு இல்லை. ஊரின் ஓரத்தில் குடிசை போட்டவனுக்கு இல்லவே இல்லை. ஏரி வாரியத்தில் இருக்கிற ஆறு பேரும், அந்த ஏரித் தண்ணீர் பாயும் ஊரின் நிலக்காரர்கள். தண்ணீரை முதலில் எந்த மடைக்குத் திறப்பது என்று முடிவு செய்பவனுக்கே அந்த மடையில் நிலம் இருந்தால் என்ன ஆகும்? மச்சானைப் பார்த்த கண்ணுக்கு இது தெரியவில்லை. தன் கூட்டத்துக்குள் ஒருவன் இன்னொருவனை ஏமாற்றாமல் இருக்க எழுதிய விதி அது. கூட்டத்துக்கு வெளியே இருந்தவனைப் பற்றி அதற்குக் கவலை இல்லை. மேடைக்காரர்கள் சொல்லும் ஜனநாயகம் அங்கே இல்லை. நல்ல தணிக்கை இருந்தது. இரண்டும் ஒன்றல்ல.

அந்தத் தணிக்கை புத்தி பிறகு எங்கே போயிற்று? சென்னை மாநகராட்சியின் தொடக்கத்தைப் பார்த்தால் கொஞ்சம் புரியும். 1688 செப்டம்பர் 29-இல் அது செயின்ட் ஜார்ஜ் கோட்டையில் தொடங்கியது. முதல் மேயர் நத்தேனியல் ஹிக்கின்சன், கிழக்கிந்தியக் கம்பெனி ஊழியர். ஆல்டர்மென்களில் சின்ன வெங்கடாத்ரி, மூட வீரண்ணா, ஆலங்காத்தா பிள்ளை போன்ற வணிகர்கள். கம்பெனியோடு வியாபாரம் செய்கிறவர்கள், கம்பெனி வைத்த நகரசபையில் உறுப்பினர்கள். லண்டனில் இருந்த கம்பெனி நிர்வாகி ஜோசையா சைல்டின் யோசனை அது. ஊர்ப் பெரிய மனிதர்களை உள்ளே உட்கார வைத்தால் மக்கள் முணுமுணுக்காமல் வரி கட்டுவார்கள் என்பது கணக்கு. வியாபாரம் செய்பவன் சபையில் இருக்கக் கூடாது என்பதற்கு மாறாக, வியாபாரம் செய்வதால்தான் சபையில் இடம் என்று நம் நவீன உள்ளாட்சி கண் திறந்திருக்கிறது.

அதன் பிறகு 1882-இல் வைஸ்ராய் ரிப்பனின் உள்ளாட்சித் தீர்மானம், 1920-இல் ஜில்லா முனிசிபாலிட்டிச் சட்டம், ஸ்தல ஸ்தாபனச் சட்டம் என்று வந்தன. உறுப்பினர்களில் ஒரு பகுதியை நியமிக்கும் அதிகாரம் ஸ்தல ஸ்தாபன (உள்ளாட்சி) இலாகாவிடம் இருந்தது. 1921 முதல் 1926 வரை சென்னை மாகாண முதல் மந்திரியாக இருந்த பனகல் ராஜா அந்த இலாகாவைத் தன் கையிலேயே வைத்துக்கொண்டார். அது தற்செயல் இல்லை. ஜில்லா போர்டு ரோடு, ஜில்லா போர்டு பள்ளிக்கூடம், ஜில்லா போர்டு ஆஸ்பத்திரி என்று கிராமத்தில் அரசாங்கப் பணம் கண்ணில் தெரிகிற இடமெல்லாம் போர்டுதான். ரோடு கான்ட்ராக்டும் வாத்தியார் மாறுதலும் யார் கையில் இருக்கிறதோ, அடுத்த சட்டசபைத் தேர்தலில் வண்டி கட்டி ஆள் கூட்டிவருபவன் அவன்தான்.

அதே 1920 முனிசிபாலிட்டிச் சட்டத்தில்தான் நாம் இன்றும் பின்பற்றும் விதி இருந்தது. நகரசபையோடு நடப்பில் உள்ள ஒப்பந்தத்தில் அக்கறை உள்ளவர் உறுப்பினராக இருக்க முடியாது. இயக்குநராக இல்லாமல் கம்பெனியில் வெறும் பங்கு மட்டும் வைத்திருந்தால் அதற்கு விலக்கு. இங்கிலாந்து நகரசபைச் சட்டத்தின் சாயல் அது. 1994-ஆம் வருஷத்துத் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்திலும் அந்த வாசகம் ஏறக்குறைய அப்படியே வந்து உட்கார்ந்தது. நல்ல விதிதான். ஆனால் அது பேசுவது உறுப்பினரை மட்டும். உத்திரமேரூர்க் கல் சொன்ன பெரியம்மா மகன், அக்காள் கணவன், மாமனார், மருமகன் யாரும் அதில் இல்லை. வீட்டுக்கு வீடு கூட்டுக் குடும்பமும் கொடுக்கல் வாங்கலும் உள்ள நாட்டுக்கு, தனி ஆளைத் தனி ஆளாகவே பார்க்கிற நாட்டின் சட்டத்தைச் சட்டை மாதிரி மாட்டினால் அக்குள் பிடிக்கத்தான் செய்யும்.

சென்னை மாநகராட்சியில் 1973-இல் வெடித்தது வேறு வகை. மஸ்டர் ரோல் ஊழல் என்று அறுபதைத் தாண்டிய சென்னைக்காரர்களுக்கு நினைவிருக்கும். மஸ்டர் ரோல் என்பது தினக்கூலி ஆட்களின் வருகைப் பட்டியல். பெயர், தகப்பன் பெயர், எத்தனை நாள், எவ்வளவு கூலி, கைநாட்டு. இருக்கிற தாள்களிலேயே மிகவும் எளிமையானது, அதனாலேயே மிகவும் ஆபத்தானது. இல்லாத ஆளின் பெயரை எழுதிக் கூலி எடுக்க ஒரு மை டப்பாவும் ஒரு கட்டைவிரலும் போதும். நாங்கள் பட்டியலைச் சாய்த்துப் பிடித்து வெளிச்சத்தில் பார்ப்போம். இருபது பெயருக்கு எதிரே இருபது ரேகை; கீழே போகப் போக மை வெளுத்துக்கொண்டே வரும். ஒரு முறை தொட்ட மையில் ஒரே விரல் வரிசையாக இறங்கி வந்திருக்கிறது என்று அர்த்தம்.

அன்று மாநகராட்சியும் தி.மு.க. கையில், மாநில அரசும் தி.மு.க. கையில். தன் கட்சியே நடத்திய மன்றத்தை 1973 டிசம்பரில் அரசு கலைத்தது. துணிச்சலான காரியம் என்று பாராட்டலாம். ஆனால் அதன் பிறகு நடந்ததுதான் எனக்கு இன்றும் ஆறாத விஷயம். சென்னைக்கு மறுபடி தேர்தல் வந்தது 1996-இல். நடுவில் இருபத்து மூன்று வருஷம் தனி அதிகாரிகள் ஆட்சி. அதற்குள் மாநிலத்தில் எத்தனையோ முறை ஆட்சி மாறியது. எந்தக் கட்சிக்கும் மாநகராட்சித் தேர்தல் அவசரமாகத் தெரியவில்லை. கணக்குக் காட்டாதவனையும் அவன் உறவையும் வெளியே வைத்துவிட்டு, 360 நாளில் புது ஆளை எடுத்தது உத்திரமேரூர். நாமோ ஓட்டுப் போட்டவனை ஒரு தலைமுறைக்கு வெளியே வைத்துவிட்டோம். இது சென்னையோடு நிற்கவில்லை. 2016-இல் உள்ளாட்சித் தேர்தல் நீதிமன்றத்தில் நின்று போனது. 27 மாவட்டங்களின் கிராமப்புறத்தில் 2019 டிசம்பரில்தான் நடந்தது. காஞ்சிபுரம் உள்ளிட்ட ஒன்பது மாவட்டங்களுக்கு 2021 அக்டோபர் வரை காத்திருப்பு. தேர்தலுக்குப் பேர்போன உத்திரமேரூரைச் சுற்றியுள்ள ஊராட்சிகளில் ஐந்து வருஷம் தலைவரே இல்லை.

2019 தேர்தலுக்கு மாநிலத் தேர்தல் ஆணையம் வைத்த செலவு உச்சவரம்பு: ஊராட்சி வார்டு உறுப்பினருக்கு 9,000 ரூபாய், ஊராட்சித் தலைவருக்கு 34,000 ரூபாய், ஒன்றிய வார்டுக்கு 85,000 ரூபாய், மாவட்ட ஊராட்சி வார்டுக்கு 1,70,000 ரூபாய். கிராம ஊராட்சியில் கட்சிச் சின்னம் கிடையாது. அதனால் கட்சி நிதி என்ற பேச்சுக்கும் இடமில்லை என்று காகிதம் சொல்கிறது. அதே டிசம்பரில் கடலூர் மாவட்டத்தில் ஓர் ஊராட்சியின் தலைவர் பதவி 50 லட்சத்துக்கும், துணைத் தலைவர் பதவி 15 லட்சத்துக்கும் ஏலம் போனதாகச் செய்தி வந்தது. பணம் ஊர்க் கோயிலுக்காம்.

பதவி ஏலத்தை வெறும் கேலிக்கூத்து என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. ஏலம் விட்ட ஊர்க்காரர்கள் சொல்லும் நியாயத்தைக் கேட்டிருக்கிறேன்: "எப்படியும் செலவு பண்ணப் போறான். வீட்டுக்கு வீடு கொடுக்கறதை மொத்தமாக் கோயிலுக்குக் கொடுக்கட்டும், கும்பாபிஷேகமாவது நடக்கும். அடிதடியும் இருக்காது." பணம் போகும் திசையை அவர்கள் மறைக்கவில்லை. பணம் திரும்பி வரும் திசையைத்தான் யோசிக்கவில்லை. சொற்ப மதிப்பூதியம் வாங்கும் ஒரு பதவிக்கு ஒருவன் 50 லட்சம் கொடுக்கிறான் என்றால், மீதியைக் கழிவுநீர்க் கால்வாயிலும் சிமென்ட் ரோட்டிலும் குடிநீர்த் தொட்டியிலும் எடுப்பான். அதுவும் அவன் தனியாகக் கொடுத்த பணமாக இருக்காது. ஜல்லி அடிப்பவர், ஜே.சி.பி. வைத்திருப்பவர், பக்கத்து ஊர் கான்ட்ராக்டர் என்று நாலு பேர் சேர்ந்து போட்ட பணமாக இருக்கும். உள்ளாட்சியில் தேர்தல் நன்கொடைக்கு ரசீது கிடையாது. அது பந்தல், மைக் செட், ஃபிளெக்ஸ், வண்டி வாடகை, பிரியாணி என்று பொருளாக வரும். ஜெயித்த பிறகு ஒர்க் ஆர்டராகத் திரும்பிப் போகும். 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தேர்தல் பத்திரத் திட்டத்தை ரத்து செய்தபோது பத்திரிகைகள் எல்லாம் கோடிகளைப் பற்றி எழுதின. நம் தெரு முனையில் பத்திரமே இல்லாமல் நடப்பதை எந்த வங்கியிடம் போய்க் கேட்பது?

தேர்தல் முடிந்ததும் வேட்பாளர் செலவுக் கணக்குக் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் தகுதி நீக்கம் உண்டு. கணக்குக் காட்டாதவன் உள்ளே வரக் கூடாது என்ற உத்திரமேரூர் விதியின் முதல் பாதி இது. மறு பாதிதான் விட்டுப்போயிற்று. தகுதி இழந்தவரின் மனைவியோ மருமகனோ அடுத்த தடவை நிற்பார்; அதை நான் தடுக்கச் சொல்லவில்லை. ஆனால் அந்த ஊராட்சியின் வேலையை அவர் மச்சான் எடுக்கிறாரா என்று கேட்கும் கலம் ஒன்று டெண்டர் படிவத்தில் இருக்க வேண்டும். 1998-இல் டெண்டர் வெளிப்படைத்தன்மைக்கென்று தனிச் சட்டமே போட்ட மாநிலம் இது. அதோடு ஒரு பக்கத்தைச் சேர்ப்பது பெரிய விஷயம் இல்லை. வேலை எடுப்பவர் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும் என்ன உறவு, தேர்தலில் யாருக்காவது பணமோ பொருளோ கொடுத்தாரா என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். உறவுப் பட்டியல் தயாரிக்க வல்லுநர் குழு எல்லாம் வேண்டாம். வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் தயாராக இருக்கிறது. அதில் மனைவியையும் மகளையும் சேர்த்துக்கொண்டால் போதும்.

சட்டம் வரும்வரை சும்மா இருக்கவும் தேவையில்லை. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என்று வருஷத்தில் சில நாள் கிராம சபை கூடுகிறது. கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்பாதீர்கள். வரவு செலவு அறிக்கை படிக்கும்போது ஒவ்வொரு வேலைக்கும் அதை எடுத்தவர் யார், தலைவருக்கு அவர் என்ன முறை என்று எழுந்து கேளுங்கள். சொல்கிற பதிலை, எந்த உறவு முறையும் இல்லை என்று சொன்னாலும் சரி, தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள். எழுதியிருந்தால்தான் பின்னால் வரும் தணிக்கைக்காரன் கை வைக்க முடியும்.